ராப்பா நூயியின் மண்

கலமொன்று புரதம் செய்ய நிறையச் சக்தி செலவழிக்கிறது. சக்தி குறையும்போது அந்த வேலையைக் குறைக்கத் தெரியாத கலம் தப்பாது. அதைக் கூட்டிக் குறைக்கிற ஆளியைக் கண்டுபிடித்த கதை பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, ராப்பா நூயி மண்ணில தொடங்குது. ஈஸ்டர் தீவு எண்டா எல்லாருக்கும் விளங்கும்.

1964 இறுதியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு அங்கே போனது. தீவில் அப்போது ஏறத்தாழ ஆயிரம் பேர். குழு அவர்களைப் பரிசோதித்தது. மண்ணையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அந்த மண்ணில் இருந்த பற்றீரியாவிலிருந்து, மொன்றியலில் சுரேன் சேகல் உள்ளிட்டோர் பிரித்தெடுத்த சேர்வை 1975 இல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. தீவின் பெயரால் அது ‘ரப்பாமைசின்’ ஆனது. பங்கசை அழிக்கும் மருந்தாகத்தான் முதலில் பார்த்தார்கள். 1980களில் அந்த ஆய்வுகூடம் மூடப்பட்டபோது, சேகல் பற்றீரியாவைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்.

1991 இல் பாசல் நகரில் ஹைட்மன், மொவ்வா, ஹோல் ஆகிய மூவரும் ரப்பாமைசின் எதைத் தாக்குகிறது என்பதை மதுவத்தில் கண்டார்கள். பெயர் ‘டோர்’. 1994 இல் பாலூட்டிகளின் கலங்களிலும் அது அகப்பட்டது. உணவும் சக்தியும் இருந்தால் டோர் புரத உற்பத்தியை ஓட விடும். ஏ.டி.பி. குறைஞ்சா ஏ.எம்.பி.கே. என்ற நொதியம் விழித்து டோரை அடக்கும். வரவு பார்த்துச் செலவு, அவ்வளவுதான். 1999 இல் ரப்பாமைசின் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வழமையாச் சொல்லுற கதை இதோட முடிஞ்சிடும். நாங்கள் இன்னும் கொஞ்சம் தோண்ட விரும்புறம்.

1888 இல் சிலி அத்தீவைத் தன்னோடு இணைத்தது. மண் எடுக்கப்பட்ட காலத்தில் தீவு மக்களுக்குச் சிலியின் குடியுரிமை இல்லை. கனடாக் குழு அங்கே நின்ற அதே டிசம்பரில், அல்ஃபொன்சோ ராப்பு என்ற இளம் ஆசிரியர் தலைமையில் அவர்கள் உரிமை கேட்டு எழுந்தார்கள். 1966 இல்தான் குடியுரிமை கிடைத்தது.

சேகலின் பிடிவாதத்தை நாங்கள் சின்னதாக்கேல்ல. ஆனா அவர் பெயர் இருக்கிற வரலாற்றில் ராப்புவின் பெயர் ஏன் இல்ல? மருந்தின் பெயருக்குள் தீவு இருக்கு, தீவின் சனம் இல்ல. விஞ்ஞான வரலாற்றை விஞ்ஞானபீடத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது எண்டு நாங்கள் சொல்லுறது இதுக்காகத்தான்.