பனி, காற்று, ஒரு சொல்

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில், உறைந்த பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்த எயார் புளோரிடா விமானத்தை வாசகர் பலர் அறிந்திருப்பர். அது மேலெழுகையில் நேர்ந்த விபத்து. பத்தே நாள்களின் பின், ஜனவரி 23 அன்று பொஸ்டனில் நேர்ந்ததைப் பேசுவோர் குறைவு. அங்கு தரையிறங்கிய வேர்ல்ட் எயார்வேஸ் டிசி-10 விமானம், பனிக்கட்டி படிந்த ஓடுபாதையின் முனையைக் கடந்து துறைமுக நீரில் சறுக்கி விழுந்தது. மூக்குப்பகுதி முறிந்து தனியானது. அனைவரும் தப்பினர் என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு தந்தையும் மகனும் திரும்பவில்லை என்பது சில நாள்களின் பின்னரே உறுதியாயிற்று. செய்தி மேசையில் காலங்கழித்த எனக்கு அந்த முதல் அறிவிப்பு இன்றும் உறுத்துகிறது.

ஓடுபாதையின் வழுக்கல் பற்றிய போதிய தகவல் விமானிக்குக் கிட்டவில்லை என்பது விசாரணையின் முடிவு. முன்னர் இறங்கியோர் தெரிவித்தவற்றுட் சில கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத் தாண்டி அவரிடம் செல்லவில்லை.

அப்படியே தகவல் சென்றாலும் அது வெறும் சொல்தான்: பிறேக் பிடிப்பு ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’. ஒருவரின் ‘சுமார்’ மற்றவருக்கு ‘மோசம்’.

2005 டிசம்பர் 8 இரவு, சிக்காகோ மிட்வே நிலையத்தில் இச்சொற்களுடன் காற்றும் சேர்ந்துகொண்டது. பனி பொழிந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்றில் இறங்குவதே முறை. ஆனால் மங்கிய பார்வைத் தூரத்துக்கு ஏற்ற கருவி வசதி மறுதிசையில் மட்டுமே இருந்தது. எனவே சவுத்வெஸ்ட் போயிங் 737 சுமார் 8 நொட் பின்காற்றுடன் இறங்கியது. 125 நொட்டில் இறங்கும் விமானம் 8 நொட் எதிர்க்காற்றில் 117 நொட் வேகத்தில் நிலத்தைத் தொடும், பின்காற்றில் 133. அற்ப வேறுபாடாகத் தோன்றும். ஆயினும் தணிக்கவேண்டிய இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், சுமை ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடுகிறது.

ஓடுபாதையின் நீளமோ சுமார் 6,500 அடி. முற்பாதியில் பிடிப்பு ஓரளவு உண்டு, பிற்பாதி மோசம் என்று கலவையான அறிக்கைகள் வந்தன. நிலைமை மோசமெனில் மிஞ்சுவது சில பத்து அடிகளே என விமானிகளின் மடிக்கணினி கணித்தது. அக்கணிப்பும், எஞ்சின்களின் பின்தள்ளு விசை தாமதமின்றி இயக்கப்படும் என்ற அனுமானத்தில் அமைந்தது. உண்மையில், நிலந்தொட்டு 15 விநாடிகளாயினும் கழிந்த பின்னரே அது இயங்கிற்று. வேலியை உடைத்து வீதிக்குள் புகுந்த விமானம் ஒரு காரில் மோதியது. காரிலிருந்த ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். விமானத்தில் இருந்தோரில் எவரும் இறக்கவில்லை.

விசாரணை அத்தாமதத்தையே முதன்மைக் காரணமாக்கியது. சரிதான். ஆனால், பொஸ்டனில் வெளிப்பட்ட குறை அதே நிலையில் நீடித்தமைக்கு விமானிகளைக் குற்றஞ்சாட்ட இயலாது என்பேன்.

ஓடுபாதையில் படிந்திருப்பது என்ன, எவ்வளவு ஆழம் என்று நோக்கி, 6 முதல் 0 வரை குறியெண் வழங்கும் முறை அமெரிக்காவில் 2016 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உலகளாவிய ஏற்பாடு 2021 நவம்பரில் தொடங்கியது. பொஸ்டனின் பின் 39 ஆண்டுகள்.