பனியில் ஓடிய காரும் வெள்ளாற்றில் நின்ற காரும்

ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊரில் தீக்குச்சி பற்றாது, அப்பளம் நமத்துப்போகும், கதவுத் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக்கொள்ளும். பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடலும் வெள்ளாறும் சேரும் இடத்தில் இருக்கிற ஊர் இது. காற்றிலேயே உப்பு உண்டு. ஹீத் துரை 1830 வாக்கில் இங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக் கல் படகேறி வந்து இங்கே உருகியது. இரும்பைத் தின்னும் காற்றுள்ள ஊரில் போய் இரும்பாலை வைத்தாரே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. படகுப் போக்குவரத்தும் கப்பல் துறையும் அவருக்கு வேண்டியிருந்தன. அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கு எழுத வந்தது பொம்மைக் கார் பற்றி. ரிமோட்டில் ஓடும் கார். சிரிக்க வேண்டாம். நாற்பது வருடமாக மனசில் கிடக்கிற ஒரு விஷயம் இது.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வயர்லெஸ் செட் பழுது பார்த்தவன். 1984 கோடை விடுமுறையில், எங்கள் தெருவில் துபாய்க்குப் போயிருந்த சபராளி ஒருவர் ஊர் வந்தபோது மகனுக்கு ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். சிவப்பு நிறம், கையில் நீட்டிப் பிடிக்கும் ஏரியல் வைத்த பெட்டி. தெருவே கூடிப் பார்த்தது. பையனுக்கு ஒன்பது வயது. "மாமா, ஆத்தங்கரை மணல்ல ஓடுமா?" என்று என்னிடம் கேட்டான். ரேடியோ தெரிந்தவன் என்ற மிதப்பில் "ஏன் ஓடாது, வா" என்று கூட்டிப்போனேன். முகத்துவாரத்து ஈர மணலில் கார் அருமையாக ஓடியது. ரிமோட்டை நான் வாங்கி, தண்ணீர் ஓரமாக ஒரு வளைவு ஓட்டிக் காட்டினேன். ஒரு சின்ன அலை வந்து போனது. முழங்கால்கூட நனையாத அலை. கார் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றாமல், அப்படியே வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் திறந்து பார்த்தால் உள்ளே தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. சட்டத்துக்குள் செம்பு இழைகளே காணாமல் போயிருந்தன. பையன் அழவில்லை. "பரவால்ல மாமா" என்றான். அவன் அழுதிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். "நான் ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்று வாங்கி வைத்த கார் என் தகரப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

வேலையில் ஈரத்தோடு மல்லுக்கட்டியவன் வீட்டில் ஏன் இப்படிச் செய்தேன் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. பொம்மைதானே என்ற அலட்சியம்தான்.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு பொருளை இயக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், இடையில் சுவர் இருக்க, கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். மூன்று வருடம் கழித்து 1898-இல் நியூயார்க்கில் டெஸ்லா ஒரு சின்னப் படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் இது மந்திரம் என்றே நினைத்தார்களாம். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவேடோ அடுத்த சில வருடங்களில் ஒரு மூன்று சக்கர வண்டியை அதேபோல் ஓட்டினார். நம் பேரப்பிள்ளைகள் ஓட்டும் காருக்கு அதைத்தான் கொள்ளுப்பாட்டன் என்று சொல்ல வேண்டும்.

பனியில் ரிமோட் வண்டி ஓடிய கதை இன்னும் விசித்திரம். 1939 நவம்பர் கடைசியில் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. உறைபனியில் நடந்த அந்தப் போரில் ஆளில்லாத டாங்கிகளும் போயின. 'டெலிடாங்கி' என்று பெயர். பின்னால் வரும் இன்னொரு டாங்கியில் உட்கார்ந்தவர் ரேடியோவால் அவற்றை ஓட்டுவார். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்து, பனிமூட்டத்தில், முன்னால் என்ன பள்ளம் இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்! வெள்ளாற்று மணலில் பத்தடி தூரத்தில் போன காரையே நான் அலைக்குக் கொடுத்தவன்.

விளையாட்டுக் கார்கள் வந்தது அறுபதுகளில். இத்தாலிய நிறுவனம் ஒன்று முதலில் விற்றது. எழுபதுகளில் ஜப்பானின் தமியா நிறுவனம் இதைப் பெரிய அளவில் பரப்பியது. 1979-இல் அவர்கள் வெளியிட்ட 'சேண்ட் ஸ்கார்ச்சர்' மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த கார். அதில் ரிசீவரையும் பேட்டரியையும் மூடி போட்ட தனி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். நான் அலையில் விட்ட காருக்கு ஐந்து வருடம் முன்பே அந்த யோசனை பிறந்துவிட்டது. துபாய்க் காரில் அப்படி ஒன்றும் கிடையாது. சக்கரத்துக்கு மேலே நேராகத் தகடுதான்.

மின்சாரப் பொருளை ஈரத்திலிருந்து காப்பது ரிமோட்டைவிடப் பழைய கவலை. கடலடித் தந்திக் கம்பிக்கு மேல் பூச 'கட்டாபெர்ச்சா' என்ற மரப்பால் மலாய் நாட்டிலிருந்து போனது. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் மரக்கலம் ஓட்டிய நம் ஊர் மரக்காயர்கள் அந்த மரங்கள் நின்ற கரைகளைப் பார்த்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுக்கும் நியூகினிக் காட்டுக்கும் போன வயர்லெஸ் செட்டுகள் குண்டில் கெட்டதோடு, புழுக்கத்திலும் பூஞ்சைக் காளானிலும் கெட்டன. அதற்குப் பிறகுதான் உள் பாகங்கள் முழுக்கப் பூஞ்சை மருந்து கலந்த வார்னிஷ் தெளித்து, முத்திரை குத்தி அனுப்பினார்கள். இன்றைய ரிமோட் கார்களில் தகட்டின் மேல் பூசும் சிலிக்கான் பூச்சுக்கு அந்த வார்னிஷ்தான் மூத்தது. செருப்பு டப்பாவுக்குள் வரும் சிறு பொட்டலம் இருக்கிறதே, சிலிக்கா ஜெல், அதற்கு 1919-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். உப்பு ஜாடிக்குள் நம் அம்மாக்கள் நாலு வறுத்த அரிசியைப் போட்டு வைப்பார்களே, அதே வேலைதான். ஆனால் நனைந்த போனை அரிசி மூட்டைக்குள் புதைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அரிசி மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும், உப்பை இழுக்கவே இழுக்காது.

அந்த உப்புதான் முழு விஷயமும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும். பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் தகட்டில் உள்ள செம்பு கரைந்து நகர ஆரம்பிக்கும். அதுதான் களிம்பு. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே உட்கார்ந்து காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. இரண்டாவது, கேட்பவர்கள் பயந்துபோவார்கள், நல்ல தண்ணீரில் கழுவுவது. அப்புறம்தான் காற்றில் உலர்த்துவது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதை நான் கையால் செய்து பார்த்தேன். சுனாமி வடிந்த மூன்றாம் நாளிலிருந்து குப்பத்து ஜனங்கள் ரேடியோ, டார்ச், டேப் ரெக்கார்டர் என்று என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் அவர் மகன் பேசிப் பதிந்த கேசட் இருந்தது. மகன் திரும்பவில்லை. செட்டைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு குடம் கேணித் தண்ணீரை ஊற்றினேன். "ஐயோ, இன்னும் தண்ணியா ஊத்துறீங்க" என்று அலறினார். கடைசியில் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நான்கு நாள் வைத்தேன். கேசட்டின் நாடாவையும் அப்படியே கழுவி வேறு கூட்டுக்கு மாற்றினேன். பாடியது என்று சொல்ல முடியாது, இரைந்தது. ஆனால் குரல் இருந்தது. அந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ரொம்ப நாள் உப்பிலேயே கிடந்தவை அவை.

இவ்வளவும் தெரிந்த நான் இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் கனடாவில் மகன் வீட்டில் மறுபடி ஏமாந்தேன். ஒன்டாரியோவில் மைனஸ் பத்து டிகிரி. பேரன் தன் ரிமோட் காரைப் பனியில் ஓட்டினான். சக்கரத்திலிருந்து பனி புழுதி மாதிரி பறந்தது. நான் ஜன்னலில் நின்று "நனைஞ்சிடும்டா" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடுங்குளிரில் பனி காய்ந்த மாவு மாதிரி இருக்கிறது, தட்டினால் உதிர்கிறது. பேட்டரி மட்டும் சீக்கிரம் சோர்ந்தது. லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. பிளாஸ்டிக்கும் குளிரில் விறைத்து, இடித்தால் உடையும்.

ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்த பிறகு, மறுநாள் கார் அசையவில்லை. "தாத்தா, வெளியில நல்லாத்தானே ஓடிச்சு?" என்றான். யோசித்தேன். ஏசி ரயில் பெட்டியிலிருந்து நம் ஊர் ரயிலடியில் இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்ளுமே, அதேதான். சில்லிட்ட காருக்குள் வீட்டின் வெதுவெதுப்பான காற்று புகுந்து, தகட்டின் மேலேயே தண்ணீராக இறங்கியிருக்கிறது. இண்டு இடுக்கில் இருந்த பனியும் உருகிச் சேர்ந்தது. போதாததற்கு அந்த ஊரில் சாலைப் பனி உருக உப்புத் தூவுகிறார்கள். வாசல் வழியில் ஓட்டியதில் அதுவும் ஒட்டியிருந்தது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் பரங்கிப்பேட்டை உப்பு என்னை விடவில்லை.

இந்த முறை சரியாகச் செய்தேன். பேட்டரியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, இரண்டு நாள் காய விட்டு, பழைய பல்துலக்கியால் களிம்பைத் தேய்த்து எடுத்தேன். ஓடியது. பிறகு தகட்டுக்குச் சிலிக்கான் பூச்சுப் பூசினோம், பிளக் ஊசிகளை விட்டுவிட்டு. ரிசீவரை ஒரு பலூனுக்குள் நுழைத்து ஒயர் வெளிவரும் வாயை இறுக்கிக் கட்டினோம். அது ரிமோட் படகு ஓட்டுபவர்களின் பழைய வித்தை. சக்கர பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டோம். எல்லாவற்றிலும் முக்கியம், ஓட்டி முடித்ததும் வெளியிலேயே பனியைத் தட்டிவிட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, காரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டி உள்ளே கொண்டுவருவது. ஈரம் பையின் வெளியே இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பிரிக்க வேண்டும். பேரன் அதற்கு ஒரு சமையலறைக் கடிகாரம் வைத்துக்கொண்டான்.

ஒருநாள் அவனிடம், நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர்கள் இதைவிடப் பெரிய ரிமோட் வண்டி ஓட்டுகிறார்கள் என்றேன். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்த ஆளில்லா நீர்மூழ்கி 2010-இல் 5,289 மீட்டர் ஆழம் போய்வந்தது. அவர்களுடைய இன்னொரு வண்டி 2015-இல் அண்டார்டிகாவில், மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்துப் பிரியதர்ஷினி ஏரியில் இறங்கியது. இப்படிப்பட்ட எந்திரங்களில் பலவற்றில் தண்ணீர் புகும் இடத்தை முன்கூட்டியே எண்ணெயால் நிரப்பிவிடுவார்கள். இடம் காலியாக இருந்தால்தானே தண்ணீர் வரும்! விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் போன சந்திரயான்-3 இன் பிரக்யான் 2023-இல் நிலவில் நூறு மீட்டருக்குமேல் உருண்டது. அங்கே ஈரம் இல்லை, ஆனால் நிலவின் இரவுக் குளிருக்குப் பிறகு அது கண் விழிக்கவில்லை. 1970-இல் போன ரஷ்ய லூனோகோட் இரவானால் மூடியைச் சாத்திக்கொண்டு, உள்ளே பொலோனியம் தரும் சூட்டில் படுத்துக்கொள்ளும். பத்து மாதம் ஓடியது. "அது பைக்குள்ள போடற மாதிரி" என்றான் பேரன். கிட்டத்தட்ட சரிதான்.

ஊர் திரும்பியதும் தகரப் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. மோட்டார் ஒரே துருக்கட்டி, தகடு உதவாது. கூண்டும் நான்கு சக்கரமும் நன்றாக இருந்தன. சென்னையில் ரிச்சி தெருவில் மோட்டாரும் ரிசீவரும் வாங்கி உள்ளே பொருத்தி, சிலிக்கான் பூசி, பலூன் கட்டினேன். போன வாரம் எங்கள் வாசலில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. ஷார்ஜாவில் இருக்கிறார். பெருநாளுக்கு வருவதாக அவர் அக்கா சொன்னார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.