பத்துக் கோல் நிலமும் ஓர் எருக்குவியலும்

இங்கிலாந்தில் வசந்தம் தொடங்கும் மார்ச் மாதக் காலைகளில், ஊரின் ஓரத்திலோ ரயில் பாதையை ஒட்டியோ நீள்சதுரங்களாகப் பகுக்கப்பட்ட சிறு காய்கறித் தோட்டங்களில் மனிதர்கள் குனிந்து வேலை செய்வதைக் காணலாம். இத்தோட்டங்களுக்கு அலாட்மென்ட் என்று பெயர். இவை வீட்டோடு சேர்ந்த கொல்லைகள் அல்ல. பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்துக்கு ஆண்டு வாடகை செலுத்திப் பெறும் குத்தகை நிலங்கள். 'பங்கிட்டுத் தரப்பட்டது' என்பது அச்சொல்லின் பொருள். யாருடைய நிலம், யாரால், ஏன் பங்கிடப்பட்டது என்று கேட்கப் புகுந்தால், அந்தக் காலை வேலைகளின் பின்னால் நெடிய வழக்கொன்று இருப்பது புலனாகும்.

முதல் வேலை விதைப்பு. மே மாதம் வரையிலும் உறைபனி விழக்கூடும் என்பதால், குளிர் தாங்கும் பயிர்களே முதலில் மண்ணுக்குள் போகின்றன: பெரிய பருப்புடைய அவரை, பார்ஸ்னிப் என்னும் வெண்கிழங்கு, வெங்காயம். விதை உருளைக்கிழங்குகள் முட்டை அட்டைகளில் அடுக்கப்பட்டு வீட்டுச் சன்னலோரத்தில் முளைவிட்டுக் காத்திருக்கும்.

1649 ஏப்ரலில், சர்ரே மாவட்டத்துச் செயின்ட் ஜார்ஜ் குன்றின் பொதுநிலத்தில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் அவர் தோழர்களும் விதைத்தவையும் ஏறத்தாழ இவையே: பார்ஸ்னிப், காரட், அவரை. மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மன்னன் போனான் எனில் மண்ணும் மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'தோண்டுவோர்' என்று பெயர் பெற்ற அவர்களுடைய பயிர்கள் அழிக்கப்பட்டன, குடிசைகள் எரிக்கப்பட்டன. ஓராண்டு காலத்தில் எல்லாம் முடிந்தது.

அவர்கள் அஞ்சியது பின்னர் சட்டத்தின் வாயிலாகவே நிகழ்ந்தது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலியிடப்பட்டது. இது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். பசு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைக் குடியானவனுக்கு வழக்கத்தால் இருந்துவந்த உரிமை இவ்வாறு பறிபோயிற்று. அவன் கூலியாளானான். 1830இல் தென் மாவட்டங்களில் கூலியாட்கள் கதிரடி இயந்திரங்களை உடைத்து, வைக்கோற்போர்களுக்குத் தீயிட்டனர். அதன் பின்னரே, ஏழைக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்துவைப்பது நல்லது என்னும் எண்ணம் நிலக்கிழார்களிடமும் பாதிரியார்களிடமும் வலுப்பெற்றது. இரக்கமும் அச்சமும் கலந்தே இந்த ஈகை பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

1845ஆம் ஆண்டின் பொது அடைப்புச் சட்டம், வேலியிடப்படும் நிலத்தில் உழைக்கும் ஏழைகளுக்கெனச் சிறு தோட்டங்கள் ஒதுக்க இடமளித்தது. அடுத்த கால் நூற்றாண்டில் வேலியிடப்பட்டது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல்; ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டதோ இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. பல தோட்டங்களில் ஏர் பூட்டக் கூடாது, மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். ஞாயிறன்று வேலை செய்யலாகாது. தேவாலயத்துக்கு ஒழுங்காக வர வேண்டும்.

கேட்போருக்கு நிலம் தேடித் தருவதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக உறுதிப்படுத்தியது 1908ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கமான தோட்டத்தின் அளவு பத்துக் கோல், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஐந்தரைக் கெஜ நீளமுள்ள அந்த அளவுகோல், நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலமளந்த கோலின் உறவுக்காரன் எனலாம்.

இனி அந்தக் காலையின் இரண்டாவது வேலைக்கு வருவோம். தோட்டத்து மூலையில் மரச்சட்டங்களால் அடைக்கப்பட்ட எருக்குவியலைத் திறந்து புரட்டுகிறார்கள். மேலே சென்ற ஆண்டின் தண்டும் தழையும் அரைகுறையாக மக்கியிருக்கும்; அடியில் காட்டு மண்ணின் மணத்தோடு கறுத்த எரு. மேலுள்ளது உள்ளே போகும்படி புரட்டுவதன் காரணம் எளிது. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும். பச்சைத் தழையும் காய்ந்த சருகும் அளவாகக் கலந்திருந்தால், பெரிய குவியலின் நடுவே வெப்பம் 60 பாகை செல்சியசையும் எட்டும். களை விதைகள் பலவும் அதில் மாண்டுபோகும்.

இந்தக் குவியலுக்குப் பின்னே ஓர் இந்திய ஊர் இருப்பதை அதைப் புரட்டுவோரில் எத்தனை பேர் அறிவர்? ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் தாவரவியலாளர் 1905இல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்தார். பின்னர் 1924 முதல் 1931 வரை இந்தூர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். உழவர்களையும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். சாணம் அடுப்புக்குப் போய்விடும் நாட்டில், எஞ்சியதைக் கொண்டு வயலுக்கு எரு தேடுவது எப்படி என்பது அவர் எதிர்கொண்ட வினா. சீன உழவர் மக்கல் முறையைப் பற்றி எஃப். எச். கிங் 1911இல் வெளிவந்த நூலில் எழுதியிருந்தவை அவருக்கு வழிகாட்டின. பருத்திமார், சருகு, களை ஆகியவற்றைச் சாணத்தோடும் மூத்திரம் ஊறிய மண்ணோடும் மரச்சாம்பலோடும் அடுக்கி, நீர் தெளித்து, மும்முறை புரட்டினால் மூன்று மாதங்களில் எருவாகும் என்று வகுத்தார். இதுவே இந்தூர் முறை. 1931இல் வெளிவந்த நூலில் அவர் பெயரோடு யஷ்வந்த் வாட் என்னும் இந்தியரின் பெயரும் ஆசிரியராக இருந்தது. இன்று தோட்டக்காரர்கள் ஹோவர்டை நினைவுகூரும் அளவுக்கு வாடை நினைவுகூர்வதில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்று 1939இல் அரசே குடிமக்களை அழைத்தது. 1649இல் தோண்டியோரை விரட்டிய நாடு இவ்வாறு அழைத்ததை வரலாற்றின் நகை எனலாம். குடிமக்களுக்கு வழங்கப்பட்ட அரசுத் துண்டறிக்கைகளுள் எருக்குவியல் அமைப்பது பற்றியதும் ஒன்று. அலாட்மென்ட்களின் எண்ணிக்கை 14 லட்சத்தைத் தொட்டது. போருக்குப் பின் அவற்றுள் பெரும்பாலானவை கட்டடங்களுக்கும் பிற தேவைகளுக்கும் போயின. இன்று எஞ்சியவை ஏறத்தாழ மூன்று லட்சம். பல ஊர்களில் ஒரு தோட்டம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. நிலத்தை நில உடைமையாளர் திரும்ப எடுத்துக்கொண்டால், நின்ற பயிருக்கும் மண்ணில் இட்ட எருவுக்கும் குத்தகைதாரருக்கு இழப்பீடு உண்டு என்பது அது. நிலம் அவனுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்த மண்ணின் வளத்தில் ஒரு பகுதி அவன் ஆக்கியது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அடைபட்ட பொதுநிலத்துக்கு ஈடாகக் கிடைத்த பத்துக் கோலில், குடியானவனின் வழித்தோன்றல் தன் கையால் ஆக்கிய ஒரே சொத்து அந்த எருதான். அதை ஆக்கும் வழியைக் கற்றுத் தந்தோருள் இந்திய உழவரும் அடங்குவர். அவர்களுக்குரிய இழப்பீட்டை எந்தச் சட்டமும் கூறவில்லை. அவர்கள் பெயரையேனும் வரலாறு எழுதுவோர் கூறலாம்.