பூமலை ஆசிரியர்கள்

பள்ளி என்றால் கூரையும் கரும்பலகையும் இருக்க வேண்டும் என்பது பலரின் எண்ணம். சிங்கப்பூரில் தோட்டக்கலை அவ்வாறு தொடங்கவில்லை. அக்கலைக்கென ஒரு பள்ளி 1972ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக அதனைக் கற்பித்தது, தமிழ் மக்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவே ஆகும். பூங்காவின் தலைவர்களே அங்கு ஆசிரியர்கள், மரங்களே பாடநூல்கள். அப்பாடங்களுள் ஒன்றைக் கைத்தொழிலாக்கி மலாயா முழுவதும் நிலைநாட்டியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முதன்மையானவர்கள் என்பது மறக்கத்தகாத செய்தி.

நிலத்தை வகுத்தவர்

1859ஆம் ஆண்டில் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தங்ளினில் பூமலையை நிறுவியது. நிலத்தை வகுத்து அமைக்கும் பொறுப்பு லாரன்சு நிவன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாதிக்காய்த் தோட்டத்தில் பட்டறிவு பெற்றவர் அவர். மேட்டையும் பள்ளத்தையும் வெட்டிச் சமமாக்காமல், நிலத்தின் போக்கிற்கேற்பப் பாதைகளை வளைத்தார். 1866இல் ஓர் ஏரியையும் அமைத்தார். அன்னங்கள் நீந்திய அந்த ஏரி இன்றும் இருக்கிறது. நிலத்தோற்ற அமைப்பு என்று இன்று தனிக்கல்வியாகப் போற்றப்படும் கலைக்கு, இந்நகரில் கண்முன் விளங்கும் முதற்பாடங்களுள் ஒன்று அவர் கைவண்ணமே.

மரத்தைக் கொல்லாத கத்தி

1874இல் பூமலை அரசின் பொறுப்பில் வந்தது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்தவை அவை. கன்று வந்ததே ஒழிய, அதன் பயனை அறிந்தார் மிகச் சிலரே. 1888இல் தலைவராக வந்த என்றி நிக்கலசு ரிட்லி அப்பயனை உணர்ந்தார். தோட்டக்காரர்களைக் காணுந்தோறும் இரப்பர் பயிரிடுமாறு வற்புறுத்தினார். அவரைப் பித்தர் என்று எள்ளியவர்களும் உண்டு.

ரிட்லியின் பெரும்பணி மரத்தைக் காட்டியது அன்று. மரத்தை வெட்டும் முறையைக் காட்டியதே ஆகும். இரப்பர்ப் பால் மரத்தின் நடுவில் ஓடுவதில்லை. பட்டையிலுள்ள நுண்குழாய்களில் தங்கியிருக்கிறது. பட்டைக்கு உட்புறம் மரத்தை வளர்க்கும் மெல்லிய படை ஒன்று உண்டு. கத்தி அப்படையைத் தொட்டால் மரம் புண்படும். பட்டையில் ஆழமாக இறங்காவிடில் பால் போதிய அளவு வாராது. முன்வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால் பாலும் வரும். பட்டையும் மீண்டும் வளரும். இவ்வுண்மையைச் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ரிட்லி செய்து காட்டி நிறுவினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பலரும் அவ்வழியில் சென்றனர். 1920ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது.

அந்தக் கத்தியைப் பிடித்த கை யாருடையது? தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக வந்து, பொழுது புலருமுன் பெரட்டில் நின்று, பின் தம் நிரைக்குச் சென்ற ஆண்களும் பெண்களும் அல்லரோ? வெயில் ஏறுமுன் பால் நன்கு ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டையின் தடிப்பைக் கண்ணாலன்றி விரலால் அறிந்தவர்கள் அவர்கள். பூமலையில் பிறந்த பாடம் துரையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் இறங்கி வந்தது. ஏட்டில் எழுதப்பட்டபோது அது அறிவியல் எனப் போற்றப்பட்டது. கையில் நிலைத்தபோது கூலி வேலை என்றே கணக்கிடப்பட்டது. கல்வி வரலாறு எழுதுவோர் இந்த ஏற்றத்தாழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடுவையில் வளர்ந்த பூ

1925இல் தலைவரான ஆர். இ. ஆல்ட்டம் வேறொரு பாடம் நடத்தினார். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கும் கருவுக்கு உணவு அதனுள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை அதற்குத் துணைசெய்கிறது. அப்பூஞ்சையின்றியே, சருக்கரையும் உப்புச் சத்தும் கலந்த கூழில் விதையை முளைக்கச் செய்யலாம் என்பதை 1922இல் அமெரிக்க அறிஞர் நட்சன் வெளியிட்டார். 1928 முதல் ஆல்ட்டம் அம்முறையைப் பூமலையில் கையாண்டு புதுக்கலப்பினங்களை வளர்த்தார். அத்துறை பின்னர்ப் பெருந்தொழிலாயிற்று. இன்று தேக்காவில் தொடுக்கப்படும் மாலைகளில் மல்லிகையோடு ஆர்க்கிட்டும் இடம்பெறுவதைக் காணலாம். ஆல்ட்டம் 1949இல் பூமலையை விட்டு, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். பூங்கா ஆசிரியர் வகுப்பறைக்கு வந்த நிகழ்ச்சி இது.

பள்ளி பிறந்தது

1963இல் லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் தோட்ட நகரம் என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. மழைக்காலம் தொடங்கும் வேளையாதலின், நட்ட கன்றுக்கு வானமே நீர் வார்க்கும்.

ஆயினும் நடுவது ஒருநாள் வேலை. காப்பது பல்லாண்டு வேலை. சாலையோர மண் இறுகிக் கிடக்கும். வேருக்குக் காற்றும் நீரும் எளிதில் எட்டா. எந்த மரம் எவ்வளவு விரியும், எந்தக் கிளையை எப்போது வெட்ட வேண்டும் என அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கான மரங்களுக்குத் தேவைப்பட்டனர். அவர்களை எங்கிருந்து பெறுவது? பூமலையிலேயே 1972இல் அழகுத் தோட்டக்கலைப் பள்ளி நிறுவப்பட்டது. அப்போது பூங்காவின் தலைவராக இருந்தவர் ஏ. ஜி. அல்போன்சோ. செடி வளர்ப்பும் நிலத்தோற்ற அமைப்பும் முறையான பாடங்களாயின. கையால் கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

2015இல் யுனெஸ்கோ நிறுவனம் பூமலையை உலக மரபுடைமையாக ஏற்றது. அப்பெருமையில் நிவனுக்கும் ரிட்லிக்கும் ஆல்ட்டத்துக்கும் பங்குண்டு. பால்மரக் காட்டில் அவர்தம் பாடத்தைப் பிழையின்றிப் பயின்று, பிறருக்கும் பயிற்றிய தமிழ்த் தொழிலாளர்க்கும் பங்குண்டு. மாணாக்கர்களைப் பூமலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இரப்பர் மரத்தைக் காட்டும்போது, அதைக் கொணர்ந்தவரின் பெயரோடு நின்றுவிடலாகாது. அதன் பட்டையை அறிந்த கைகளைப் பற்றியும் சொல்வார்களாயின், அப்பாடம் நிறைவுபெறும்.