செஞ்சிக் கோட்டையின் கல்லும் காரையும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. இங்கு ஒளிப்படம் எடுப்பவர்களை முதலில் ஈர்ப்பது கற்பரப்புகளே.

மிகப் பழைய பரப்பு இயற்கை செதுக்கியது. வெயிலிலும் மழையிலும் பொறுக்கு பொறுக்காக உரிந்து உருண்ட கருங்கற்பாறைகளில், மழைநீர் வழிந்த தடங்கள் பாசி படிந்து கருங்கோடுகளாக நிற்கின்றன. அடுத்தது கல்தச்சரின் உளித்தடம். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு அடித்துப் பிளப்பது பழைய முறை. அவ்வாறு பிளந்த கல்லின் விளிம்பில் பாதிக் குழிகள் பல்வரிசைபோல் எஞ்சும்.

நாயக்கர் காலக் கல்யாண மகாலிலும் களஞ்சியங்களிலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்கின்றன. காரை உதிர்ந்த இடங்களில் செங்கல் அடுக்குகள் வெளித்தெரிந்து, கட்டிய முறையைக் காட்டுகின்றன. நாயக்கர் காலத்துக்குப் பின் 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய கோட்டை இது.

பாறையிலும் கல்லிலும் காரையிலும் உள்ள மேடுபள்ளங்கள் உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் ஒளியே அவற்றை நிழலோடு எடுத்துக்காட்டும்.

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் இடம்பெற்றது. இத்தகைய கோட்டையின் காரையில் பெயர் கீறினால் அந்தப் பரப்பு மீளாது. படமாக மட்டும் எடுத்துச் செல்வதே வருவோர் கடமை.