‘கெனல்’ என்னும் சொல்லின் கதை

ஒரு மொழியிலே வழங்கும் சொற்கள், அம்மொழியைப் பேசிய மக்களின் வரலாற்றையும் உடன் கொண்டு வருவன. நாய்களை அடைத்துப் பேணும் இடத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘கெனல்’ என்ற பெயர் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். நாயைக் குறிக்க ‘ஹவுண்ட்’, ‘டாக்’ என்னும் பழஞ்சொற்கள் அவர்களிடம் இருந்தன. அவ்வாறிருக்க, நாயின் மனைக்கு மட்டும் அயல்மொழிப் பெயர் வந்தது எங்ஙனம்?

1066ஆம் ஆண்டிலே நோர்மண்டியின் கோமகனான வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடினான். அவனும் அவனுடன் வந்த பிரபுக்களும் வட பிரான்சின் மொழியைப் பேசினர். வேட்டையிலே பெருவிருப்புடைய அவர்கள், பரந்த காடுகளை அரச வேட்டைக்கென ஒதுக்கினர். நாயைக் குறிக்கும் ‘கானிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘கெனில்’ என்பது அவர்களுடைய வழக்கு. அதுவே ஆங்கிலத்தில் ‘கெனல்’ ஆயிற்று. பாரிசு வழக்கிலோ முதலெழுத்துத் திரிந்து ‘ஷெனில்’ என நின்றது. வென்றவரின் வேட்டை நாயோடு அவரது சொல்லும் குடியேறியது எனலாம்.

வடிகாலைக் குறிக்கும் வேறொரு ‘கெனல்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலநூல்களில் உண்டு. அது கால்வாயைக் குறிக்கும் ‘கனாலிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1859இல் டிக்கன்சு எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யிலே, பாரிசு வீதியின் நடுவே ஓடுவது இந்தக் கெனலே. அதனை நாய்க்கூடு எனக் கொண்டால் பொருள் கெடும்.

வேட்டை நாய்க்கு உடையவன் உண்டு; ஆகவே அதற்குக் கெனலும் உண்டு. 1873இல் இலண்டனிலே தோன்றிய கெனல் சங்கம் பேணியதும் உயர்குல நாய்களின் வம்சாவளியையே. உடையவனற்ற தெருநாய்க்கு வாய்த்ததோ ‘பவுண்டு’ என்னும் அடைப்பிடம். பிறர் பயிரை மேய்ந்த கால்நடைகளைப் பிடித்து அடைத்த பட்டிக்குரிய பழம்பெயர் அது. நாணயத்தைக் குறிக்கும் பவுண்டோடு அதற்கு உறவில்லை.

1860ஆம் ஆண்டிலே மேரி டீல்பி என்னும் மாது, வழிதவறிப் பசியால் வாடிய நாய்களுக்கென இலண்டனிலே ஒரு புகலிடம் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் கெனலும் அன்று, பவுண்டும் அன்று, ‘இல்லம்’ என்பதே. மனிதருக்குரிய சொல்லை நாய்க்கு வழங்குவதா என எள்ளியவர் பலர். ஆயினும் அவ்வில்லம் 1871இலே பாற்றர்சிக்கு இடம்பெயர்ந்து நிலைபெற்றது.

ஈழத்துத் தமிழிலே தெருநாயைக் ‘கட்டாக்காலி’ என்பர். கட்டப்படாத காலி, அதாவது கட்டின்றித் திரியும் மாடு என்பதே அதன் முதற்பொருள். இங்கும் மாட்டுக்குரிய சொல்லே நாய்க்கு ஆகிவந்தது. உடையவனற்ற உயிரை அடைக்கவேண்டிய பொருளாகக் கண்ட காலத்தின் சொற்கள் இவை. அதனைக் காக்கவேண்டிய உயிராகக் கண்டபோது, ‘இல்லம்’ என்ற பழஞ்சொல்லே அதற்கும் போதுமானதாயிற்று.