மூலப்படியும் கைப்படியும்: கையடக்க பிளேயருக்கான ஒலிக்கோப்பு வடிவங்கள் குறித்து

கையடக்க பிளேயரில் பாட்டை எந்த வடிவத்தில் ஏற்றுவது என்ற கேள்வியை இருபத்தைந்து ஆண்டுகளாகக் காதை வைத்தே விவாதித்து வருகிறோம். எம்பி3 கோப்பில் தாளத்தட்டின் ஓசை மங்குகிறதா, ஃபிளாக் கோப்பில் தம்புராவின் ரீங்காரம் கூடுதலாகக் கேட்கிறதா என்பதே பேச்சு. போதிய பிட்வீதம் கிடைத்துவிட்டால் காது சொல்வதற்கு அதிகம் இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குப் பின் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இந்தக் கோப்பிலிருந்து மூல ஒலிக்குத் திரும்ப முடியுமா? இன்னும் இருபது ஆண்டு கழித்து, யாருடைய அனுமதியும் இல்லாமல் இதைத் திறக்க முடியுமா? இவற்றுக்கு விடை தேடினால், வீட்டில் வைத்துக்கொள்ளும் படியையும் கையில் கொண்டுபோகும் படியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முன்னதை மூலப்படி என்றும் பின்னதைக் கைப்படி என்றும் இங்கே அழைக்கிறேன்.

குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட். 1998-இல் வந்த டயமண்ட் ரியோ பிளேயரின் நினைவகமோ 32 மெகாபைட். சுருக்காத ஒலி அதில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். 2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாடில் 5 ஜிகாபைட் வன்வட்டு இருந்தது. ஆயிரம் பாட்டு கொள்ளும் என்று நிறுவனம் சொன்னது, பாட்டுக்கு நான்கு நிமிடம், நொடிக்கு 160 கிலோபிட் எம்பி3 என்ற கணக்கில். இப்படிச் சுருக்கியதற்கு இடத்தைப் போலவே மின்கலமும் ஒரு காரணம். ஐபாடின் வட்டு ஓயாமல் சுழல்வதில்லை. பாட்டை 32 மெகாபைட் இடைநினைவகத்தில் அள்ளி வைத்துவிட்டு நின்றுவிடும். 160 கிலோபிட் கோப்பு என்றால் அது சுமார் 20 நிமிடம் தாங்கும். சுருக்காத கோப்பு மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துபோக, வட்டு மறுபடி சுழலத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மின்கலம் கரையும். ஒலியில் ஒரு பகுதியை எறிந்துவிடும் இழப்புள்ள சுருக்கத்தை அன்றைய பிளேயர்கள் நாடியதில் தவறேதும் இல்லை. அந்த நெருக்கடியில் பிறந்த பழக்கத்தை, நெருக்கடி நீங்கிய பிறகு மூலப்படிக்கும் நீட்டித்ததுதான் தவறு.

எம்பி3 எதை எறிகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கி, 1993-இல் எம்பெக்-1 தரத்தின் மூன்றாம் அடுக்காக வெளியான முறை இது. உரத்த ஓசைக்குப் பக்கத்து அலைவரிசையில் இருக்கும் மெல்லிய ஓசையைக் காது தவறவிடும்; அந்த இடத்தில் துல்லியத்தைக் குறைத்து, வரும் பிழையை உரத்த ஓசையின் நிழலில் ஒளித்துவைக்கிறார்கள். இது சறுக்கும் இடமும் தெரிந்ததே. எம்பி3 ஒலியை 576 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 13 மில்லிநொடித் துண்டுகளாகக் கையாள்கிறது. கடத்தில் விரல் விழும் கணம் ஒரு துண்டின் பின்பகுதியில் அமைந்தால், பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடி விழும் முன்பே ஒரு மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். அடிக்குப் பின் வரும் இரைச்சலைக் காது நெடுநேரம் மறைத்துக்கொள்ளும். அடிக்கு முன் வருவதைச் சில மில்லிநொடிதான் மறைக்கும். இதைத் தவிர்க்கவே குறியாக்கி அத்தகைய இடங்களில் 192 மாதிரிகள் கொண்ட குறுந்துண்டுகளுக்கு மாறுகிறது. நல்ல குறியாக்கியான லேம், 190 கிலோபிட் அளவிலான மாறும் பிட்வீதத்தில் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். 96 கிலோபிட்டில் சமாளிக்காது. தனி ஆவர்த்தனம் கேட்பவருக்கு அது தெரியும்.

தெரிந்தது என்று ஒருவர் சொல்வதை எப்படி ஏற்பது? அதற்கு ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் அடையாளம் சொல்லிக் கேட்க வைத்தபின், அவற்றுள் ஒன்றைப் பெயர் சொல்லாமல் ஒலிக்கவிட்டு எது என்று கேட்பார்கள். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கில் அமைவதற்கான வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இரு கோப்புகளின் ஒலியளவும் சமமாக இருப்பது அவசியம். கொஞ்சம் உரத்து ஒலிப்பதைக் காது தரம் என்று எடுத்துக்கொள்ளும். பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுத் தட்டுகளின் ஒலியை நேராகவும் குறுந்தகட்டுத் தரத்தின் வழியாகச் செலுத்தியும் 554 முறை ஒப்பிட வைத்தார்கள். சரியான விடைகள் 276, கிட்டத்தட்டப் பாதி. இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. ஜோஷுவா ரீஸ் 2016-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கேட்போர் வேறுபாட்டை இனங்காணும் விகிதம் 52.3 விழுக்காடு என்று கணக்கிட்டார். தற்செயலைவிடச் சற்றே மேல், ஆனால் புள்ளியியல்படி மெய். பயிற்சி பெற்ற செவிகளுக்கு விகிதம் கூடியது. அந்தச் சிறு வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. பேருந்து இரைச்சலில் இயர்போன் வழியே கேட்பதற்காக, குறுந்தகட்டைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பைச் சுமப்பதற்கு அது போதிய காரணம் ஆகாது.

இனி மீட்சி. இழப்புள்ள கோப்பிலிருந்து இன்னொரு இழப்புள்ள கோப்பு எடுத்தால் இரண்டு முறைகளின் பிழையும் சேர்ந்துகொள்ளும். எம்பி3 கோப்பை ஏஏசி ஆக்கினாலும் ஓபஸ் ஆக்கினாலும் எறிந்தது திரும்பாது; புதிதாகக் கொஞ்சம் எறியப்படும். அதனால் ஒரே ஒரு இழப்புள்ள படியை மட்டும் வைத்திருப்பவர், பிளேயர் மாறும்போதெல்லாம் பழைய வடிவத்திலேயே நிற்க வேண்டும், அல்லது ஒலியைச் சிறிது இழக்க வேண்டும். அந்த வடிவமும் ஒரு நிறுவனத்தின் பிடியில் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சோனி 2004-இல் விற்ற என்டபிள்யூ-எச்டி1 என்ற 20 ஜிகாபைட் வாக்மேன், எம்பி3 கோப்பை நேராக இசைக்காது. சோனிக்ஸ்டேஜ் மென்பொருள் வழியே ஏட்ராக் வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அதாவது இழப்பின் மேல் இழப்பு. சோனியின் இணையப் பாட்டுக்கடை 2008-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், எம்எஸ்என் மியூசிக்கில் பாட்டு வாங்கியவர்களுக்கு, ஆகஸ்ட் 31-க்குப் பின் புதிய கணினிகளுக்கு உரிமச் சாவி கிடைக்காது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கெடு நீட்டிக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பாட்டு, கடைக்காரர் கணினியை அணைத்தால் அடுத்த கணினியில் ஊமையாகும் என்ற நிலை. அந்தக் கோப்புகளின் ஒலித்தரம் பற்றி எவ்வளவு விவாதித்திருந்தாலும் இந்த ஆபத்து கண்ணில் பட்டிருக்காது.

ஃபிளாக்கின் சிறப்பு இந்த இடத்தில்தான். ஜாஷ் கோல்சன் உருவாக்கி 2001-இல் முதல் பதிப்பு வெளியிட்ட இந்த வடிவம் ஒலியில் எதையும் எறியாமல் சுருக்குகிறது; இதற்குக் காப்புரிமைக் கட்டணமும் இல்லை. வடிவத்தின் விளக்கம் 2024-இல் இணையத் தரநிலை ஆவணமாகவே வெளிவந்துவிட்டது. சுருக்காத ஒலியின் எம்டி5 கையொப்பத்தையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. பல ஆண்டு கழித்தும் ஒரு பிட் பிறழ்ந்திருக்கிறதா என்று சோதிக்கலாம். ஆப்பிளின் அலாக் வடிவமும் 2011 முதல் திறந்த மூலம்தான். ஆப்பிள் கருவிகளை மட்டுமே புழங்குவோருக்கு அதுவும் ஏற்றதே.

நினைவக அட்டைகள் மலிந்துவிட்டன, ஃபிளாக்கையே பிளேயரிலும் ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கம்பி இயர்போனில் கேட்பவர் தாராளமாக ஏற்றலாம். 128 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 350 மணி நேரம் அடங்கும். புளூடூத்தில் கேட்பவருக்கு அதனால் பயன் குறைவு. கருவி எந்தக் கோப்பை எடுத்தாலும் அதை விரித்து, பெரும்பாலும் எஸ்பிசி முறையில் நொடிக்கு 328 கிலோபிட்டுக்கு மேற்படாமல் மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. அவருக்கு 128 கிலோபிட் ஓபஸ் போதும். அதே அட்டையில் 2,000 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பழைய கார் ஸ்டீரியோவிலும் ஓட வேண்டுமென்றால் எம்பி3 தவிர வேறு வழியில்லை. ஃபிரான்ஹோஃபர் அதன் உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டதால் அதற்கும் இன்று தடையில்லை. கச்சேரிப் பதிவுகளுக்கு ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஆலாபனையையும் கிருதியையும் தனிக்கோப்புகளாக வெட்டினால், எம்பி3-இன் துண்டுக் கணக்கு நிரம்புவதற்காகச் சேரும் வெற்றொலி நடுவே ஓர் இடைவெளியாகக் கேட்கும். லேம் அந்த அளவைக் குறித்துவைக்கிறது. பிளேயர் அதைப் படிக்க வேண்டும். ஃபிளாக்கிலும் ஓபஸிலும் இந்தத் தொல்லை வடிவத்திலேயே இல்லை.

தமிழ் ரசிகர்களின் சேமிப்பில் பெரும்பங்கு ஒலிநாடாவிலிருந்து வந்தது. ஃபிளாக் அடுத்த மாதிரி எதுவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. நாடாவின் இரைச்சலை ஊகிக்க முடியாது. அதனால் மங்கலான பழைய பதிவு, தெளிவான புதிய பதிவைவிடப் பெரிய கோப்பாக வருவதுண்டு. கோப்பு பெரிதாக இருப்பதைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். பழைய திரைப்பாடல்களில் ஒற்றைத் தடம் இரண்டாகப் படியெடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் அச்சாக ஒன்றே என்றால் ஃபிளாக் வேறுபாட்டைப் பூச்சியமாகக் கண்டு ஏறத்தாழப் பாதி இடத்தில் முடித்துவிடும்.

பெயர் எழுதும் இடமும் நமக்கு முக்கியம். எம்பி3 கோப்பின் பழைய ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறியும் 3 பைட். ஹரிகாம்போஜி என்ற ராகப் பெயரில் மட்டும் 11 குறிகள், 33 பைட். அந்தக் கட்டத்துக்குள் அது ஹரிகாம்போஜ என்று முடிந்துவிடும். பாடியவர் பெயரும் தாளமும் பிறகல்லவா. ஃபிளாக், ஓபஸ் இரண்டின் குறிப்புகளும் யுடிஎஃப்-8 முறையில்தான் எழுதப்பட வேண்டும் என்பது விதி; இவ்வளவு குறுகிய வரம்பும் அவற்றில் இல்லை.

வீட்டு அலமாரியில் கச்சேரி நாடா வைத்திருப்போர் கணினிக்கு மாற்ற உட்காரும்போது முதற்பதிவையே ஃபிளாக்கில் எடுங்கள். ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர், சபா, நாள் எல்லாவற்றையும் தமிழிலேயே கோப்புக்குள் எழுதுங்கள். இரண்டு வட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். பிளேயருக்கு வேண்டிய படியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.